தருக்கக் கோவை நிறைவேறுமா? அட்டவணை, மரம், கொம்பியூட்டர்: எதை எப்போது எடுப்பது

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் கம்பஸ் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கும் வீடுகளில், டிஸ்கிரீட் மட்ஸ் பரீட்சைக்கு முந்தின கிழமை ஒரு கேள்வி தவறாமல் வரும்: "அண்ணா, ஒரு தருக்கக் கோவை நிறைவேறுமா எண்டு கேட்டால் உண்மை அட்டவணை போடுறதோ, மரம் கீறுறதோ?" கேட்பவர் எதிர்பார்ப்பது ஒரு சொல் விடை. "மாறி எத்தனை?" என்று திருப்பிக் கேட்பதுதான் வழக்கம். அந்தக் கேள்வி சரிதான், ஆனால் பாதிதான். விடை "ஆம்" என்று வரும்போலத் தெரிகிறதா, "இல்லை" என்று வரும்போலத் தெரிகிறதா என்பதையும் கேட்க வேண்டும். முறையைத் தெரிவதில் மாறிகளின் எண்ணிக்கையை விட இதற்குத்தான் நான் கூடுதல் இடம் கொடுப்பேன்.

விஷயம் இதுதான். ஒரு தருக்கக் கோவையிலுள்ள எடுப்புகளுக்கு (உண்மையாகவோ பொய்யாகவோ இருக்கும் சிறு கூற்றுகள், மாறி என்பதும் இவற்றைத்தான்) உண்மை, பொய் என்று ஏதாவது ஒரு விதத்தில் பெறுமானம் கொடுத்து முழுக் கோவையும் உண்மையாக வந்தால் அது நிறைவேறும். எப்படிக் கொடுத்தாலும் பொய்தான் என்றால் நிறைவேறாது, அதாவது முரண்பாடு. ஆக, "ஆம்" என்பவர் ஒரே ஒரு பெறுமானத் தொகுதியைக் காட்டினால் போதும். யாரும் பிரதியிட்டுச் சரிபார்த்துவிடலாம். "இல்லை" என்பவர் ஒரு தொகுதியும் தப்பவில்லை என்று காட்ட வேண்டும். அளவையியலில் கேட்கப்படும் மற்ற இரண்டு கேள்விகளும் இந்த "இல்லை"க்குள்ளேயே அடங்கும். ஒரு கோவை எப்போதும் உண்மை என்று காட்ட அதன் மறுப்பு நிறைவேறாது என்று காட்டலாம். ஒரு வாதம் வலிதானது என்று காட்ட, எடுகூற்றுகளோடு (வாதம் தொடங்கும் கூற்றுகள்) முடிவின் மறுப்பைச் சேர்த்து அந்தக் கூட்டம் நிறைவேறாது என்று காட்டலாம்.

இந்த இரண்டு விடைக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதற்கு 2016இல் ஒரு பெரிய சான்று கிடைத்தது. 1 முதல் 7824 வரையான எண்களை இரண்டு நிறமாகப் பிரித்து, 3, 4, 5 போன்ற பைதகரஸ் மும்மை (3² + 4² = 5²) எதுவும் ஒரே நிறத்தில் விழாமல் பார்த்துக்கொள்ள முடியும். 7825 வரை போனால் முடியாது. ஹூலே, குல்மன், மாரெக் என்ற மூவர் இதைத் தருக்கக் கோவையாக எழுதிக் கொம்பியூட்டரில் தீர்த்தார்கள். 7824க்கான "ஆம்" வெறும் நிறப் பட்டியல், கொப்பியில் எழுதிவிடலாம். 7825க்கான "இல்லை"யின் நிறுவல் ஏறக்குறைய 200 டெராபைட். ஒரு எண்தான் கூடியது.

இனி முறைகளுக்கு வருவோம்.

உண்மை அட்டவணை

1921இல் விட்கென்ஸ்டைனும் எமில் போஸ்டும் தனித்தனியாக வெளியிட்ட பிறகு பரவிய முறை இது. யோசிக்க வேண்டியதில்லை, எழுதிக்கொண்டே போனால் விடை வரும். அதனால்தான் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், அதனால்தான் நேரத்தையும் தின்னும். ஒரு மாறி கூடும்போது வரிசை இரட்டிக்கும்: 3 மாறிக்கு 8, 4க்கு 16, 5க்கு 32, 10க்கு 1,024. எக்செலில் செய்துவிடலாமே என்பவர்களுக்கு ஒரு கணக்கு: எக்செல் தாளில் மொத்தமே 1,048,576 வரிசைதான் உண்டு, அது சரியாக 2இன் 20ஆம் அடுக்கு. 20 மாறியோடு தாள் நிரம்பிவிடும், தலைப்புக்குக்கூட ஒரு வரி மிஞ்சாது.

ஆனாலும் அட்டவணையைத் தள்ளிவிட முடியாது. நிறைவேறும் தொகுதிகள் மொத்தம் எத்தனை என்று கேட்டால், அல்லது இரண்டு கோவைகள் சமவலுவா, அதாவது எல்லா வரிசையிலும் ஒரே விடை தருமா என்று கேட்டால், 3 மாறி வரைக்கும் அதை விட நேரான வழி இல்லை. எனக்குச் சரிப்படாதது வேறு ஒன்று. "நிறைவேறும் எனக் காட்டுக" என்ற கேள்விக்கு 16 வரிசையும் நிரப்பி, கடைசியில் அதில் ஒன்றை வட்டமிடுவது. அங்கே கேட்டது ஒரு சாட்சி. பெறுமானத்தை எழுதி, பிரதியிட்டு, உண்மை வருகிறது என்று காட்டினால் விடை முடிந்தது.

நேரல் முறையும் மரமும்

உயர்தரத்தில் கலைப்பிரிவில் அளவையியலும் விஞ்ஞான முறையும் படித்தவர்களுக்கு நேரல் முறை தெரிந்திருக்கும். கோவை உண்மை என்று முதலில் எடுத்துக்கொண்டு, அப்படியானால் எந்த எடுப்பு என்னவாக இருந்தாக வேண்டும் என்று பின்னோக்கிப் போவது. முட்டினால் முரண்பாடு, முட்டாமல் முடிந்தால் சாட்சி கையில். விஞ்ஞானப் பிள்ளைகள் பலர் இதைப் படிக்காமலே கம்பஸுக்கு வந்துவிடுகிறார்கள். ஆனால் இன்றைய சாட் சோல்வர்களின் (கோவை நிறைவேறுமா என்று தேடித் தரும் மென்பொருள்கள்) உள்ளே ஓடுவது அடிப்படையில் இந்த யோசனைதான். வீட்டில் அக்கா கலைப்பிரிவு என்றால் அவவின் கொப்பியைக் கேட்டு வாங்குங்கள்.

மர முறை அதையே ஒழுங்காகக் கீறிக் காட்டுவது. 1955இல் எவர்ட் பெத் தொடக்கிய வழி. பிறகு ஸ்மல்யன் அதைப் பாடநூலுக்கு ஏற்றபடி எளிமையாக்கினார். "உம்" என்றால் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுது, "அல்லது" என்றால் கிளை பிரி, ஒரு கிளையில் ஓர் எடுப்பும் அதன் மறுப்பும் சேர்ந்து வந்தால் அந்தக் கிளையை மூடு. எல்லாக் கிளையும் மூடினால் நிறைவேறாது. ஒரு கிளை திறந்தபடி முடிந்தால் அதில் இருப்பவையே விடை.

(க → ச) ∧ (ச → ட) ∧ ¬(க → ட) என்பதை எடுங்கள். இதில் ∧ என்பது "உம்", ¬ மறுப்பு, → என்பது "ஆனால்" (க உண்மையானால் ச உண்மை). கீழே வரும் ∨ "அல்லது". அட்டவணை போட்டால் 8 வரிசை, 8 நிரல், 64 கட்டம். மரத்தில் முதலில் கடைசித் துண்டைப் பிரிக்க வேண்டும், ஏனென்றால் அது கிளைக்காது: க உண்மை, ட பொய் என்றால் மட்டுமே க → ட பொய்யாகும், ஆகவே க, ¬ட இரண்டும் ஒரே கோட்டில் இறங்கும். அடுத்து க → ச, அது ¬க ∨ ச என்பதற்குச் சமம், கிளைத்து ¬க, ச ஆகும். ¬க பக்கம் உடனே மூடும். மிச்சக் கிளையில் ச → ட கிளைத்து ¬ச, ட ஆகும், இரண்டுமே மூடும். முடிந்தது. கிளைக்காததை முதலில் பிரி என்ற ஒரு விதியை வைத்துக்கொண்டாலே மரம் மெலிந்துவிடும்.

மரம் எப்போதும் சின்னது என்று நினைத்துவிட வேண்டாம். (க ∨ ச) ∧ (க ∨ ¬ச) ∧ (¬க ∨ ச) ∧ (¬க ∨ ¬ச) என்பது இரண்டே மாறி. அட்டவணை 4 வரிசையில் முடியும். மரத்தை எவ்வளவு கவனமாகக் கீறினாலும் மூடிய முனை 6 வரும். எல்லாத் துண்டும் "அல்லது" ஆக, மாறி குறைவாக, விடை "இல்லை" ஆக இருக்கும் இடத்தில் மரம் தோற்கும். மறுப்பும் "ஆனால்"களும் நிறைய வரும் வாதங்களில் அது வெல்லும். பரீட்சையில் பெரும்பாலும் வருவது இரண்டாவது வகை என்பதால், 4 மாறி அல்லது அதற்கு மேல் என்றால் நான் மரத்துக்கே வாக்குப் போடுவேன்.

சமவலு விதிகளால் சுருக்குவது பற்றி அதிகம் சொல்ல இல்லை. கெட்டிக்காரருக்கு அழகான வழி, மற்றவர்களுக்கு எங்கே போகிறோம் என்று தெரியாத வழி. ஒரு பயன் உண்டு: கோவையைப் பெருக்கங்களின் கூட்டலாக ("உம்" துண்டுகளை "அல்லது"ஆல் சேர்த்த வடிவம்) கொண்டுவந்துவிட்டால், ஓர் எடுப்பும் அதன் மறுப்பும் சேர்ந்து வராத ஒரு பெருக்கம் கண்ணில் பட்டதும் "ஆம்" என்று சொல்லிவிடலாம். உயர்தரத்தில் ஐசிடி எடுத்தவர்களுக்கு கானோ வரைபடமும் இதே வேலையைச் செய்யும், ஒரு 1 இருந்தால் நிறைவேறும். 4 மாறிக்கு மேல் அதை யாரும் விருப்பத்தோடு கீறுவதில்லை.

கொக்குவிலில் ஒரு ரியூட்டரி

பரீட்சையை விட்டு, இந்தக் கேள்வி வெளியில் எப்படி வருகிறது என்று பார்த்தால்தான் முறைகளின் வித்தியாசம் வடிவாகத் தெரியும். கொக்குவிலில் ஒரு ரியூட்டரி என்று வைத்துக்கொள்வோம். நான்கு பாடம்: இணைந்த கணிதம் (க), பௌதிகவியல் (ப), இரசாயனவியல் (இ), உயிரியல் (உ). ஒவ்வொன்றும் சனி அல்லது ஞாயிறு. எடுப்பு உண்மை என்றால் சனி, பொய் என்றால் ஞாயிறு.

பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் வருவது ஒரே பிள்ளைகள். இரண்டும் ஒரே நாளில் வந்தால் தாங்காது. அது இரண்டு நிபந்தனை: (1) ¬ப ∨ ¬இ, (2) ப ∨ இ. கணிதம் சனி என்றால் பௌதிகவியலும் சனியாக வேண்டும், பருத்தித்துறையிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஒருநாள் பஸ்ஸோடு போகும்: (3) ¬க ∨ ப. அதேபோல உயிரியல் சனி என்றால் இரசாயனவியலும் சனி: (4) ¬உ ∨ இ. ஞாயிறு மத்தியானத்தோடு மண்டபத்தை வேறு ஆட்களுக்குக் கொடுக்க வேண்டும், ஆகவே கணிதமும் உயிரியலும் இரண்டுமே ஞாயிறில் கொள்ளாது: (5) க ∨ உ. இரசாயனவியல் சேருக்குச் சனிக்கிழமைகளில் வவுனியாவில் வகுப்பு: (6) ¬இ.

அட்டவணை போட்டால் 16 வரிசை, மாறிக்கு 4 நிரல், நிபந்தனைக்கு 6, மொத்த விடைக்கு 1, 176 கட்டம். நேரலாகப் போனால்? (6) தனி எடுப்பு, அதிலிருந்து தொடங்குங்கள். இ பொய். (2)இன்படி ப உண்மை. (4)இன்படி உ பொய். (5)இன்படி க உண்மை. (1), (3) இரண்டும் சரி. கணிதமும் பௌதிகவியலும் சனி, மற்ற இரண்டும் ஞாயிறு. ஓரிடத்திலும் ஊகிக்க வேண்டி வரவில்லை. ஆகவே இதைத் தவிர வேறு நேர அட்டவணை கிடையாது என்பதும் கூடவே தெரிந்துவிட்டது. தனித்து நிற்கும் எடுப்பைப் பிடித்து அதன் விளைவுகளை ஓடவிடுவதுதான் டேவிஸ், லோக்மன், லவ்லண்ட் மூவரும் 1962இல் எழுதிய முறையின் உயிர். தனி எடுப்பு இல்லாவிட்டால் மட்டும் ஒன்றை ஊகித்து, முட்டினால் திரும்பி வருவார்கள்.

இப்போது ரியூட்டரிக்காரர் இன்னொன்று சொல்கிறார்: புரொஜெக்டர் ஒன்றுதான், கணிதமும் பௌதிகவியலும் ஒரே சனியில் இரண்டு மண்டபத்தில் ஓடினால் சண்டை வரும். (7) ¬க ∨ ¬ப. கிடைத்திருந்த ஒரே விடையும் போய்விட்டது. விடை "இல்லை".

இந்த இடத்தில் "இல்லை" என்ற சொல்லை மட்டும் கொண்டுபோய் ரியூட்டரிக்காரரிடம் கொடுக்க முடியாது. ஏன் என்று கேட்பார். அட்டவணை அதற்கு 16 பொய்களைக் காட்டும். அவருக்கு அதால் பயனில்லை. ரொபின்சன் 1965இல் தந்த தீர்வு விதி இங்கேதான் கைகொடுக்கும். இரண்டு நிபந்தனைகளில் ஒன்றில் ஓர் எடுப்பும் மற்றதில் அதன் மறுப்பும் இருந்தால், அவற்றை வெட்டிவிட்டு மிச்சத்தைச் சேர்த்து எழுதலாம். (5)உம் (4)உம் சேர்ந்தால் க ∨ இ. அதோடு (6): க. அதோடு (7): ¬ப. அதோடு (2): இ. அதோடு திரும்ப (6): வெறுமை. ஐந்து வரியில் முரண்பாடு, ஒவ்வொரு வரிக்கும் எந்த நிபந்தனை காரணம் என்று பெயரோடு.

இதில் (1)உம் (3)உம் வரவே இல்லை. அப்போ பிரச்சினை (2), (4), (5), (6), (7)இல்தான், (2)ஐ விட்டுக்கொடுத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். ஆகாது. (3)உம் (7)உம் சேர்ந்தாலே ¬க. (5)ஆல் உ, (4)ஆல் இ, (6)இல் முட்டும். (2) இல்லாமலே இன்னொரு முரண்பாடு. ஒரு நிறுவல் காட்டும் குற்றவாளிப் பட்டியல் அந்த நிறுவலின் பட்டியல் மட்டுமே. இரண்டு பட்டியலிலும் வருபவை (4), (5), (6), (7). இந்த நான்கில் எந்த ஒன்றைத் தளர்த்தினாலும் விடை கிடைக்கும். (1), (2), (3)இல் எந்த ஒன்றை மட்டும் தளர்த்தினாலும் கிடைக்காது. நான்கிலும் மலிவானது (7)தான், இன்னொரு புரொஜெக்டரை வாடகைக்கு எடுப்பது. வவுனியா வகுப்பை மாற்றச் சொல்லி சேரிடம் கதைப்பதை விட அது சுகம்.

கணக்கு இவ்வளவு சுளுவாகப் போனதற்கு ஒரு காரணம் உண்டு. நிபந்தனை எல்லாவற்றிலும் இரண்டு எடுப்புக்கு மேல் இல்லை. அப்படியென்றால் ஒவ்வொன்றையும் இரண்டு அம்புக்குறியாக எழுதலாம்: க ∨ உ என்பது ¬க → உ, ¬உ → க. ஓர் எடுப்பிலிருந்து அம்புகளைப் பிடித்து அதன் மறுப்புக்குப் போய், திரும்ப அதற்கே வர முடிந்தால் நிறைவேறாது. அப்படி ஒரு எடுப்பும் இல்லாவிட்டால் நிறைவேறும். அஸ்ப்வால், பிளாஸ், டார்ஜான் மூவரும் 1979இல் காட்டியபடி, இதற்கு எடுக்கும் நேரம் நிபந்தனைகளின் அளவுக்கு நேர்விகிதமாகவே கூடும். ஆயிரம் பாடம் இருந்தாலும் பயமில்லை.

மூன்றாவது நாள் வந்தால்

சனி, ஞாயிறோடு புதன் பின்னேரமும் சேர்ந்தால் கதை மாறும். இனி ஒரு பாடத்துக்கு ஒரு எடுப்பு போதாது. நாளுக்கு ஒன்றாக மூன்று வேண்டும். "மூன்றில் ஏதாவது ஒரு நாள்" என்ற நிபந்தனையில் மூன்று எடுப்பு வந்துவிடும். அம்புக்குறி வித்தை அதோடு சரி. நிபந்தனைக்கு மூன்று எடுப்பு என்ற பொது வடிவத்துக்கு, எல்லா நேரமும் கெதியாக முடியும் வழி இருக்கிறதா என்று இதுவரை யாருக்கும் தெரியாது. ஸ்டீவன் குக் 1971இல் நிறுவியது அதன் மறுபக்கம்: விடையைக் கெதியாகச் சரிபார்க்கக்கூடிய எந்தப் பிரச்சினையையும் இந்த நிறைவேறும் கேள்வியாக மாற்றி எழுதலாம். லெவின் சோவியத் நாட்டில் தனியாக அதே முடிவுக்கு வந்து 1973இல் வெளியிட்டார்.

நான்கு பாடம், மூன்று நாள் என்றால் இன்னும் கையால் போகலாம், 3இன் 4ஆம் அடுக்கு 81 தெரிவுதான். ஆனால் உண்மையான ரியூட்டரியில் 12 வகுப்பு, 3 நாள், நாளுக்கு 4 நேரம், 3 மண்டபம் என்று வரும். 432 எடுப்பு. இங்கே அட்டவணை, மரம் என்ற பேச்சே இல்லை, சாட் சோல்வர்தான். 2003இல் சுவீடனில் ஏனும் சோரென்சனும் எழுதிய மினிசாட் இலவசம், பழைய லப்டொப்பிலும் ஓடும். பைதன் தெரிந்தவர்கள் பைசாட் என்ற தொகுப்பைப் போட்டால் அதற்குள்ளேயே பல சோல்வர் இருக்கும். மைக்ரோசொப்டின் இசட்3இல் "ஆனால்", "உம்" எல்லாம் இருக்கிறபடியே எழுதலாம், முதல் தடவை செய்பவருக்கு அதுதான் சுகம்.

மினிசாட்டுக்குக் கோவையை "அல்லது" துண்டுகளின் "உம்" கூட்டமாகக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு எடுப்புக்கும் ஓர் எண், மறுப்புக்கு முன்னால் கழித்தல் குறி, வரி முடிவில் 0. க, ப, இ, உ என்பவற்றுக்கு 1, 2, 3, 4 என்று வைத்தால் எங்கள் (4)ஆம் நிபந்தனை வெறுமனே -4 3 0. கோவை அந்த வடிவத்தில் இல்லாவிட்டால் பங்கீட்டு விதியால் விரிக்கப் போகாதீர்கள். (க1 ∧ ச1) ∨ (க2 ∧ ச2) ∨ ... என்று 20 சோடி இருந்தால் விரித்த பிறகு 2இன் 20ஆம் அடுக்குத் துண்டு வரும், விட்டுவந்த அட்டவணைக்கே திரும்பியதுபோல. 1968இல் ட்ஸெய்ட்டின் சொன்ன வழி, ஒவ்வொரு உட்கோவைக்கும் ஒரு புது எடுப்பைப் பெயராக வைப்பது. துண்டுகள் கோவையின் நீளத்தளவுக்கே கூடும். வரும் கோவை பழையதற்குச் சமவலு அல்ல. நிறைவேறுமா இல்லையா என்ற விடை மட்டும் ஒன்றாக இருக்கும். பரீட்சையில் "சமவலுவான வடிவம் எழுதுக" என்று கேட்டால் இதை எழுதிப் புள்ளியை இழக்க வேண்டாம்.

சோல்வருக்கு ஒரு பலவீனம் உண்டு, எண்ணுவது. 10 பேரை 9 கதிரையில் ஆளுக்கொன்றாக இருத்த முடியாது என்று குழந்தைக்கும் தெரியும். அதையே தருக்கத் துண்டுகளாக எழுதினால், தீர்வு விதியால் வரும் நிறுவல் ஆட்கள் கூடக்கூட அடுக்குவேகத்தில் பெருத்தே தீரும் என்று ஹாக்கன் 1985இல் நிறுவினார். வழக்கமான சோல்வர்களின் காரணகாரியம் அந்த விதியின் மேல்தான் நிற்கிறது. ஆகவே ஓடவிட முதல் நீங்களே ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்: ஒரே நேரத்தில் வேண்டிய வகுப்பு எத்தனை, மண்டபம் எத்தனை. அங்கேயே இடித்தால் கொம்பியூட்டரை எழுப்பத் தேவையில்லை.

எண்ணிக்கை சரி என்றால் ஓடவிடுங்கள். "ஆம்" என்று வந்தால் கிடைத்த நேர அட்டவணையை ரியூட்டரிக்காரரிடம் காட்டுங்கள். அவருக்குப் பிடிக்காவிட்டால், அந்த விடையில் உண்மையாக வந்த எடுப்புகளை எல்லாம் மறுத்து ஒரே "அல்லது" வரியாகச் சேர்த்துத் திரும்ப ஓட்டினால் அடுத்த நேர அட்டவணை வரும். இப்படி ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போகலாம். "இல்லை" என்று வந்தால் முரண்படும் நிபந்தனைகளின் பட்டியலைக் கேளுங்கள், பைசாட்டும் இசட்3உம் தரும். அதில் ஒன்றைத் தளர்த்தி இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்க முதல், எதைத் தளர்த்தினோம் என்று யாருக்கும் சொல்ல வேண்டாம்.